ஒண்டும் குடுக்கேல்லை

செத்த பூனைக்குத் தவணைக் காசு கட்டுகிற மனுசி எங்கே இருக்கிறாள் என்று கேட்டால், இரணைமடு வாய்க்காலோரக் குடியேற்றத்தில் சின்னப் பிள்ளையும் பேச்சியம்மாவின் வாசல் படலையைக் காட்டும். அதற்கு முன்பு அவளுக்குக் கச்சான் பேச்சி என்று பெயர். அதுவும் பட்டப்பெயர்தான், ஆனால் உழைத்து வாங்கியது. கச்சான் என்கிற நிலக்கடலையை விதைப்பாள், பிடுங்குவாள், காயவைப்பாள், மணலில் வறுப்பாள், பொட்டலம் கட்டி பஸ் நிலையத்திலும் கோயில் திருவிழாக்களிலும் விற்பாள். இத்தனை வருடம் வெயிலில் காய்ந்து சம்பாதித்த பெயரை ஒரு பூனை வந்து அழித்துவிட்டுப் போனது என்றால் யாருக்குத்தான் கசக்காது.

பூனையின் பெயர் துரை. பேச்சியம்மா பிறந்தது மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தாயும் தகப்பனும் இவளைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னிக்கு ஓடிவந்தார்கள். தோட்டத்துத் துரை காலையில் காற்சட்டையும் தொப்பியுமாக மலையைச் சுற்றி நடப்பது அவளுக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு கொழுந்தும் கிள்ளமாட்டான். ஆனால் அவன் வந்துவிட்டுப் போனால்தான் வேலை நடந்ததாகக் கணக்கு. புருசன் வீரையா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த அடுத்த வருடம், வெள்ளையும் செம்பட்டையுமாக ஒரு கடுவன் பூனை எங்கிருந்தோ வந்து, முற்றத்தில் காயவைத்த கச்சான் பாயைச் சுற்றி வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு நடை நடந்து, நடுப்பாயில் உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வந்திட்டாருய்யா தொர என்றாள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

கச்சான் இருக்கிற வீட்டுக்கு எலியை யாரும் வெற்றிலை வைத்து அழைக்கத் தேவையில்லை. விதைக்கச்சான் மூட்டையில் பாதியை எலிக்கும் பாதியை நிலத்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, துரை வந்தபிறகு மூட்டை முழுசாக நின்றது. அது ஒரு பக்கம். மறுபக்கம், அவள் கடைசி பஸ்ஸில் இறங்கி வரும்போது வாய்க்கால் மதகில் துரை உட்கார்ந்திருக்கும். அவளைக் கண்டதும் கொஞ்சிக் குழைவதெல்லாம் கிடையாது. எழும்பி, முன்னால் நடக்கும். நேரம் பிந்தி வந்தவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய தலைவிதி தனக்கு என்ற நடை அது.

வெளியில் பேச்சியம்மா ஊர்த் தமிழ்தான் பேசுவாள். எண்டு, ஓம், வாங்கோ என்று நாக்கைப் பழக்கி எவ்வளவோ காலம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவள் வாய் திறந்தால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து தாயின் தமிழை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். மகன் மதுசனுக்கு அது தெரியவே தெரியாது, தெரிந்தாலும் வெட்கம். வீரையா இருக்கும்வரை அந்தத் தமிழில் அவனோடு பேசினாள். அவன் போனபின் அந்தப் பேச்சைக் கேட்க இருந்தது துரை ஒன்றுதான். ஏன்யா இன்னிக்கு சோறு எறங்கலியா, எந்த ஊட்டு எலிய முழுங்கிட்டு வந்தே என்று குசினி அடுப்படியில் அவள் பேசிக்கொண்டே இருப்பாள். பூனை சிரிக்காது. அதனால்தான் அவளுக்கு அதன்மேல் அவ்வளவு உயிர். பூனை வளர்க்காதவர்களுக்கு இது விசர், பைத்தியம் மாதிரித் தெரியும். தெரியட்டும்.

இனி ஆஸ்பத்திரிக் கதை ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. வீரையாவுக்கு ஒருமுறை கடுங்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, என்ன கொடுத்தாய் என்று தாதி கேட்டாள். பேச்சியம்மா உள்ளதைச் சொன்னாள். கொத்தமல்லிக் கசாயம், காய்ச்சல் குளிசை என்கிற மாத்திரை, நெற்றிக்குப் பற்று.

"எல்லா வைத்தியத்தையும் நீங்களே செய்துபோட்டு, இழுபறிப்படேக்கை எங்கட தலையிலை கொண்டுவந்து கட்டுறது. நீங்களே டொக்டர் எண்டா இஞ்சை ஏன் வந்தனீங்கள்? தோட்டத்திலையிருந்து வந்ததுகளுக்கு எங்கை விளங்கப்போகுது."

தாதி போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த நோயாளி, தன் வருத்தத்தையும் மறந்து சிரித்தான். வீரையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மருந்து கொடுத்தார்கள், சுகமாகிற்று, அது வேறு. ஆனால் அன்றிலிருந்து பேச்சியம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டால் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடவேண்டும். அந்தக் குடியேற்றத்தில் எல்லா வீட்டிலும் இதே சட்டம்தான். ஆளாளுக்கு ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் படித்தார்கள். மருமகள் சிவரூபி முதற்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டபோது மாமியார் சொல்லிக் கொடுத்த முதல் பாடமும் இதுதான்.

மாசி மாதம், கச்சான் பிடுங்கி முடிந்த கையோடு துரைக்குக் காய்ச்சல் வந்தது. வேறு எந்தக் கடுவனோடோ சண்டை போட்டு முன்னங்காலில் கடி வாங்கியிருந்தது. கால் வீங்கி, மேல் கொதித்தது. சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை, விறகுக்கும் அடுப்புக்கும் நடுவில் போய்ச் சுருண்டுகொண்டது. பேச்சியம்மா புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் என்றால் என்ன செய்வது? தனக்கு வந்தால் என்ன செய்வாள், பேரப்பிள்ளைக்கு வந்தால் என்ன செய்வாள்? குசினித் தட்டில் பிஸ்கற் தகரப் பேணிக்குள் குளிசை அட்டை இருந்தது. ஒன்றை எடுத்தாள். பூனை சின்னச் சீவன்தானே என்று கவனமாகப் பாதியாக உடைத்தாள். பாதியை நசுக்கி, சீனி போட்டுக் கரைத்து, வாயைப் பிரித்துக் கரண்டியால் ஊற்றினாள். துரை அவள் கையைப் பிறாண்டியது. "குடிச்சிரு ராசா, குடிச்சிரு" என்று தடவிக்கொடுத்தாள். பின்னேரம் அது எழும்பி இரண்டு நக்குத் தண்ணீர் குடித்தது. அவளுக்கு வந்த சந்தோசம் சொல்லி மாளாது. மறுநாள் காலை மற்றப் பாதியையும் கொடுத்தாள்.

மத்தியானத்துக்குள் துரையின் முகம் வீங்கிவிட்டது. வாயால் மூச்சு வாங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள், பல் முரசு மண்ணிறமாக இருந்தது. பேச்சியம்மா கச்சான் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அடுத்த ஒழுங்கையில் யோகலிங்கம் இருக்கிறான், ஓட்டோக்காரன், அவளைப் பேச்சியக்கா என்று கூப்பிடுகிறவன். அரசாங்க மிருக வைத்தியர் மாடுகளுக்கு ஊசி போட எங்கோ தூரத்துக்குப் போயிருந்தார். அவருடைய அலுவலகத்தில் இருந்தவர்கள், கிளிநொச்சி ரவுணில் ஒரு பெண் டொக்டர் இருக்கிறார், பூனை நாயெல்லாம் பார்ப்பார், அங்கே கொண்டுபோங்கோ என்றார்கள். துரை அவள் மடியில், பிளாஸ்ரிக் கூடைக்குள் கிடந்தது. யோகலிங்கம் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

அந்த இடம் பளிச்சென்று இருந்தது. நிலம் வெள்ளை மாபிள். கதிரைகளில் இருந்தவர்களின் காலடியில் மயிர் சீவிய வெளிநாட்டு நாய்கள் இருந்தன. பேச்சியம்மா அடுப்புக்கரி படிந்த சட்டையோடு கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். டொக்டர் முப்பது வயதுகூட இராத பிள்ளை. கூடையைக் கண்டதும் மற்ற எல்லோரையும் இருக்கச் சொல்லிவிட்டு துரையை மேசைக்கு எடுத்தார். கதவையும் சாத்தவில்லை, அவ்வளவு அவசரம்.

"அம்மா, வீட்டிலை மருந்து ஏதும் குடுத்தனீங்களோ?"

"ஒண்டும் குடுக்கேல்லை பிள்ளை."

யோசிக்கவே இல்லை. வெள்ளைக் கோட்டைக் கண்டால் வாய் தானாகச் சொல்லும் பதில் அது. டொக்டர் துரையின் வாயைத் திறந்து பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். பிறகு நிமிர்ந்து, கொஞ்சம் கடுமையாகவே கேட்டார்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. குளிசை கிளிசை ஏதும்? காய்ச்சலுக்குப் போடுறது ஏதும்?"

வெளியில் இருந்தவர்கள் எல்லோரும் இப்போது உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாவுக்குக் காது சூடாகிற்று. பழைய வார்டும் பக்கத்துக் கட்டில்காரனின் சிரிப்பும் வந்து முன்னால் நின்றன. நாக்கு எத்தனையோ வருடம் பழகிய ஊர்த் தமிழை உதறிவிட்டது.

"இல்லீங்க. சத்தியமா ஒன்னும் குடுக்கலீங்க. வற்றாப்பளை அம்மா மேல ஆணையா குடுக்கலீங்க."

கோயில் அம்மன்மேல் ஆணையிட்டுவிட்டாள். அதற்கு மேல் யார் என்ன கேட்பது? டொக்டர் சரி அம்மா என்று சொல்லிவிட்டு வேறு வழி பார்த்தார். பாம்பு கடித்திருக்குமோ, எலிப் பாஷாணம் தின்ற எலியைத் தின்றிருக்குமோ, இரத்தத்தில் கிருமியோ என்று ஒவ்வொன்றாகத் தேடினார். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு பரிசோதனை, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு ஊசி. துரையின் காலில் சேலைன் ஏற்றினார்கள், மூக்குக்கு ஒட்சிசன் பிடித்தார்கள். இரத்தத்தை எடுத்து வேறிடத்துக்கும் அனுப்பினார்கள். பேச்சியம்மா வீட்டுக்குப் போவதும் விடிய முதல் பஸ்ஸில் திரும்பி வருவதுமாக இருந்தாள். கூட்டுக்குள் கிடந்த துரைக்குக் கம்பிக்குள்ளால் விரலை விட்டுக் காதைச் சொறிந்தாள். மூன்றாம் நாள் காலை அவள் போனபோது, டொக்டர் வாசலுக்கு வந்து அவள் கையைப் பிடித்தார். அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

அழுது முடிய, வாசல் மேசையில் கணக்கு எழுதுகிற பிள்ளை ஒரு தாளை நீட்டி நாற்பத்தோராயிரம் என்றது. பேச்சியம்மா முதலில் ஏதோ ரெலிபோன் இலக்கம் சொல்கிறாள் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் காசு கட்டவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் பிள்ளை பெற்றதும், புருசனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும், பாம்பு கடித்துக் கிடந்ததும் எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில். அங்கே ஏச்சு உண்டு, காசு இல்லை. இங்கே ஒருவரும் ஏசவில்லை. அதனால் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று மூன்று நாளாக நம்பிக்கொண்டிருந்தாள். காதில் கிடந்த தோட்டைக் கழற்றப் போனாள். டொக்டர் தடுத்தார்.

"அவசரமில்லை அம்மா. ஏலுமான நேரம் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டுங்கோ. எனக்கு உங்கட பூனையைக் காப்பாத்த முடியேல்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

துரையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றித் தந்திருந்தார்கள். வாய்க்காலோரம், மதகுக்குக் கிட்டக் குழி வெட்டித் தாட்டாள்.

மகன் மதுசனுக்கு மல்லாவியில் ஒரு கடையில் வேலை. சேதி அவனுக்கு எப்படிப் போனதோ, அன்றைக்கே ரெலிபோன் எடுத்தான்.

"அம்மா, உங்களுக்கு விசரே? பூனைக்கு நாப்பத்தோராயிரமோ? நான் மோட்டச்சைக்கிளுக்கு லீசிங் கட்ட ஐயாயிரம் கேட்டதுக்கு இல்லையெண்டனீங்களெல்லோ?"

"அது வேறை, இது வேறை தம்பி."

"என்ன வேறை? பூனை உங்களைப் பெட்டியிலை வைச்சுத் தூக்குமோ?"

அவள் ரெலிபோனை வைத்துவிட்டாள். அவனில் பிழை சொல்ல ஒன்றுமில்லை, அவன் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததுதான் அவளுக்குப் பற்றி எரிந்தது.

குடியேற்றத்தில் வேறு விதமான கதை. பக்கத்து வீட்டு இரஞ்சிதம் துக்கம் விசாரிக்க வந்தவள், பில்லைக் கேட்டதும் துரையை மறந்துபோனாள். "உன்னைப் பார்த்தவுடனை அவளுக்கு விளங்கியிருக்குமடி, தோட்டத்தாள், எழுத்துவாசனை இல்லாதது, கறக்கலாம் எண்டு" என்றாள். யோகலிங்கம் அதற்கு மேலே போனான். பூனை முதல்நாளே செத்திருக்கும், செத்த பூனைக்குத்தான் சேலைன் ஏற்றினவள் என்றான். படலைக்குப் படலை இந்தக் கதை நடந்தது. பேச்சியம்மாவும் அதில் சேர்ந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால், அது அவளுக்கு இதமாக இருந்தது. கச்சான் வறுத்தபடி, அந்தப் பளிச்சென்ற மாபிள் நிலத்தையும் வெள்ளைக் கோட்டையும் நினைத்து நினைத்துத் திட்டினாள். துரை இல்லாத குசினியில் யாரையாவது திட்டினால்தான் பொழுது போயிற்று. தின்பாளோ, இந்தக் காசைத் தின்று செமிப்பாளோ என்று கேட்டாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, விற்ற காசில் ஒரு பங்கை எடுத்து முந்தானையில் முடிந்தாள். கட்டாமல் விடலாம் என்று இரஞ்சிதம் சொன்னாள். துரைக்கு வைத்த கடனை மட்டும் அவளால் விடமுடியவில்லை, அது என்ன குணமோ.

இரண்டாம் தவணை கட்டப் போன அன்றுதான் அவளுக்கு இடி விழுந்தது. வாசலில் இருந்து முறை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ரீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பள்ளிக்கூடச் சேலை, கையில் துவாயில் சுற்றிய பூனைக்குட்டி. நேரே உள்ளே போனாள். அன்றும் கதவு திறந்தே கிடந்தது.

"டொக்டர், முகம் வீங்க வெளிக்கிட்டிட்டுது. காலமை காய்ச்சல் குளிசை ஒரு துண்டு குடுத்தனான்."

"காய்ச்சல் குளிசையோ? உங்களுக்கு விசரே ரீச்சர்? பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆள் நீங்கள்! பூனைக்கு அது தனி நஞ்சு. அரைக் குளிசை காணும் ஆளை முடிக்க."

"சரி, விசர்தான். தெரியாமல் குடுத்திட்டன். இப்ப என்ன செய்யிறது, அதைச் சொல்லுங்கோ."

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லகாலம் சொன்னனீங்கள். சொல்லாட்டி நான் ஊரெல்லாம் தேடிக்கொண்டு இருந்திருப்பன். முறிக்க மருந்து இருக்கு, பயப்படாதேங்கோ. இருங்கோ அதிலை."

ரீச்சர் கதிரையில் இருந்தாள். அத்தனை பேருக்கு முன்னால் ஏச்சு வாங்கியவள் முகத்தில் ஒன்றையும் காணவில்லை. கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை ஒதுக்கினாள். பேச்சியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏச்சு அவளில் ஒட்டவில்லை. ஏச்சு வாங்கிவிட்டு, சிரித்துவிட்டு, பூனையையும் காப்பாற்றிக்கொண்டு போக இந்த உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அது அவளுக்கு அன்றுவரை தெரியாது.

முந்தானை முடிச்சை அவிழ்க்காமலே எழும்பி வந்துவிட்டாள். பஸ் நிலையம்வரை எப்படி நடந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுக்கு வந்து குசினித் தட்டில் பிஸ்கற் பேணியைத் திறந்து அட்டையை எடுத்தாள், அதைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். வாயைப் பிரித்து ஊற்றியது இந்தக் கை. அது பிறாண்டியபோதுகூட விடாமல் ஊற்றியது இந்தக் கை. மறுநாள் காலை மற்றப் பாதியையும் ஊற்றியது. அது போகட்டும், தெரியாமல் செய்தது. ஆனால் மேசையில் வைத்து, மருந்தைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, அந்த டொக்டர் பிள்ளை இரண்டு தரம் கேட்டதே. எதற்கு மறைத்தாள்? ஒரு ஏச்சுக்கு. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். துரை செத்த அன்று அழுத அழுகை இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தது. ஊர் உலகமெல்லாம் முள்ளியவளைப் பாதையில் நிறைந்து போயிற்று. பேச்சியம்மா வருடந்தோறும் போடுகிற இடத்தில் கச்சான் கடை போட்டாள். இரஞ்சிதமும் உதவிக்கு வந்திருந்தாள். சனம் முண்டியடித்து வாங்கியது. வியாபாரம் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

"வாவன், அம்மாளைக் கும்பிட்டிட்டு வருவம்" என்று இரஞ்சிதம் கூப்பிட்டாள்.

"கச்சானை ஆர் பாக்கிறது?"

"நான் நிக்கிறன், நீ முதலிலை போய்க் கும்பிட்டிட்டு வா."

"நீ போ. நான் பேந்து போறன்."

போகவில்லை. கோயிலுக்கு முதுகைக் காட்டியபடிதான் அந்த வருடம் அவள் கடையை விரித்திருந்தாள். ஏன் அப்படி விரித்தாய், சனம் மற்றப் பக்கத்தால் அல்லவா வருகிறது என்று இரஞ்சிதம் கேட்டதற்கு, வெயில் படுகிறது என்றாள். யார் தலையில் ஆணையிட்டாளோ அந்த முகத்தைப் பார்க்கிற துணிவு அவளுக்கு இல்லை.

அந்தக் காசோடு மிச்சம் முழுவதையும் கட்டிவிடலாம் என்று யோகலிங்கத்தின் ஓட்டோவில் ஏறினாள். போகிற வழியில் அவன் பெருமையாக ஒரு சங்கதி சொன்னான்.

"பேச்சியக்கா, போன கிழமை ஒரு பெடியன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தவன், லொறி அடிச்சதாம். உந்தப் பொம்பிளை டொக்டரிட்டைப் போகோணும் எண்டான். நான் விட்டனானே? அவ கள்ளி, உள்ளதெல்லாத்தையும் உரிஞ்சு எடுத்துப்போடுவா, எங்கட அக்காவுக்கு என்ன செய்தவ தெரியுமோ எண்டு சொல்லித் திருப்பி அனுப்பிப்போட்டன்."

"நாய் என்னாச்சுது?"

"ஆருக்குத் தெரியும்."

 கூடை இல்லாத மடியில் பேச்சியம்மா இரண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் அவளைக் கண்டதும் எழும்பி வந்தார். முந்தானை முடிச்சிலிருந்து காசை அவிழ்த்து மேசையில் வைக்க, அவர் அதை அவள் பக்கம் தள்ளினார்.

"காணும் அம்மா. மிச்சத்தை விடுங்கோ. எனக்கு உங்கட பூனையை நினைச்சா இப்பவும் மனம் கேக்காது. என்ன வருத்தமெண்டே என்னாலை கண்டுபிடிக்க முடியேல்லை. ரத்தத்திலையும் ஒண்டும் வரேல்லை. முதல் பார்த்தவுடனை குளிசை எண்டுதான் எனக்குப் பட்டது. நீங்கள் அம்மாளாணை எண்டு சொன்னாப்பிறகு அதை விட்டிட்டன்."

இந்த இடத்தில் பேச்சியம்மா காசை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. காசும் மிச்சம், பெயரும் மிச்சம்.

"நாந்தாங்க குடுத்தேன்" என்றாள். "காய்ச்ச மாத்தரை. பாதி பாதியா ரெண்டு வாட்டி குடுத்தேன்."

டொக்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மேசைப் பிள்ளை எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டது.

"ஏன் அம்மா அண்டைக்குச் சொல்லேல்லை? ரெண்டு தரம் கேட்டனான்."

"ஏசுவீங்கன்னு பயந்துட்டேங்க."

 டொக்டர் மெதுவாகச் சொன்னார்.

"ஏசியிருப்பன்தான் அம்மா. நல்லா ஏசியிருப்பன். ஏசிப்போட்டு மருந்தையும் போட்டிருப்பன்."

பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வரும், இப்போது வரும் என்று காத்திருந்தாள். வார்டில் கேட்டதைப்போல நாலு மடங்கு வரட்டும், எல்லோரும் கேட்கட்டும், கதிரையில் இருக்கிறவர்கள் எல்லோரும் சிரிக்கட்டும் என்று இருந்தது. ஒன்றும் வரவில்லை.

"இப்பவாச்சும் ஏசுங்க தாயி" என்றாள்.

டொக்டர் அவள் தோளில் கையை வைத்தார், எடுத்தார். உள்ளே ஏதோ ஒரு நாய் முனகியது. அவர் திரும்பிப் போய்விட்டார். தள்ளிய காசு மேசையில் அப்படியே கிடந்தது. பேச்சியம்மா அதை மறுபடி முன்னுக்குத் தள்ளினாள். மேசைப் பிள்ளை எண்ணி எடுத்து, பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தது. அதன்பின்னும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அவ்வளவுதான் அம்மா. நீங்கள் போகலாம்" என்றது அந்தப் பிள்ளை.

வெளியில் யோகலிங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

"கட்டி முடிஞ்சுதோ? கள்ளி ஒரு சதமெண்டாலும் குறைச்சவளோ?"

"யோகலிங்கம், அந்தப் பிள்ளையைப் பேசாதை. துரைக்குக் குளிசை குடுத்தது நான். என்ர கையாலை நஞ்சைக் குடுத்துப்போட்டு, கேக்க ஒண்டும் குடுக்கேல்லை எண்டு பொய்ச் சத்தியம் பண்ணினனான்."

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். "ஓ, இப்ப அப்பிடிச் சொல்லித் தந்து அனுப்பியிருக்கிறாளோ? குளிசை குடிச்சு ஆரக்கா செத்தது? எங்கட வீட்டிலை கிழமைக்கொரு அட்டை முடியுது. உதுகள் படிச்ச கள்ளர், பழியையும் உங்கட தலையிலையே கட்டிப்போட்டுதுகள்."

"நாந்தான்டா குடுத்தேன்! நாந்தான் கொன்னேன்!"

நடுத் தெருவில், கிளிநொச்சி ரவுணில், தாயின் தமிழில் அவள் கத்தினாள். சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்கள். யோகலிங்கம் அவளைக் கையில் பிடித்து ஓட்டோவில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான்.

பூனை போன துக்கத்திலும் காசு போன துக்கத்திலும் மனுசிக்கு மூளை பிசகி மண்டை தட்டிப்போட்டுது, பாவம் என்று அன்று பின்னேரமே குடியேற்றத்தில் கதை பரவியது. இரஞ்சிதம் புட்டும் சம்பலும் கொண்டுவந்து, பக்கத்தில் இருந்து தின்னவைத்தாள். பேச்சியம்மா அவளுக்கும் நடந்ததைச் சொன்னாள். இரஞ்சிதம் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். போகும்போது படலையில் நின்று, உந்த டொக்டர் நல்லா இருக்கமாட்டாள் என்று மண்ணை அள்ளித் தூற்றிவிட்டுப் போனாள்.